கடைசியில் ஒட்டிய ஊர்ப் பெயர்கள்

காலையில் விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு ரெண்டு பூ வைத்து, வீட்டுக்காரரைக் காட்டு வேலைக்கு அனுப்பி வைத்த பிறகுதான் நான் பேப்பரை விரிப்பேன். முன்னால் எல்லாம் ராசிபலனும் கோயில் விசேஷமும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். இப்போது ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கும். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஆகிற செய்தி எது என்று பார்த்து, அதை ஜனங்களுக்கு விளங்குகிற மாதிரி மாற்றி எழுதுவது என் வேலை.

இந்த வேலை என் கொழுந்தனாரால் வந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் பேப்பரில் இருந்து கிழித்த துண்டைக் காட்டி, "தம்பி, இது என்ன சொல்லுது?" என்று கேட்பார்களாம். தினமும் பத்துப் பேருக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சலித்துப்போய், சுற்று வட்டாரத்துக்கென்று ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். ஆனால் எழுத ஆள் இல்லை.

"மயினி, பேப்பர்ல இருக்கது ஒருத்தனுக்கும் விளங்க மாட்டேங்கு. நீங்க பக்கத்து வீட்டு அக்காட்ட சொல்லுத மாதிரி எழுதித் தாங்க" என்றார்.

"நான் பத்தாங் கிளாஸு. நான் எழுதுனா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சாலும் படிப்பாம்லா? அது போதும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. பேப்பரில் 'துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் நடைபெற இருப்பதால்' என்று ஒரு முழ நீளத்துக்கு வரும். நான் அதை, 'நாளைக்கு நம்ம பக்கம் கரண்ட் எப்ப போகும், எப்ப வரும்?' என்று தலைப்பாக்குவேன். அதற்குக் கீழே முதல் வரியிலேயே பதில். 'காலையில் மாவு ஆட்டி வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்' என்றும் சேர்ப்பேன். அது பேப்பரில் இருக்காது. வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும்.

ஜனங்கள் போனில் எதையாவது தேடும்போது நம் பக்கம் அவர்கள் கண்ணில் பட வேண்டும், அதற்குத் தலைப்பு அவர்கள் கேட்கிற கேள்வியாகவே இருக்க வேண்டும் என்று கொழுந்தனார் சொல்லித் தந்தார். எந்த எந்த வார்த்தையைத் தேடி ஆட்கள் நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பார்க்க ஒரு இடம் உண்டு. அதையும் காட்டினார். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். 'உளுந்து எல மஞ்சளா இருக்கு என்ன மருந்து.' 'ரேசன் கட இன்னைக்கி உண்டா.' 'மணியாச்சி ரயில் நிக்குமா.' 'மகனுக்கு பொண்ணு அமைய எந்த கோயில்.' 'மழ எப்ப வரும்.' மழை எப்போது வரும் என்று எங்கள் கரிசல்காட்டில் ஒருவர் போனைக் கேட்கிறார் என்றால், அதற்கு முன்னால் வானத்தைப் பார்த்திருப்பார், சாமியைக் கேட்டிருப்பார். எல்லாரும் கைவிட்ட பிறகு இதனிடம் வந்திருக்கிறார். பதில் தெரிந்ததற்குப் பதில் எழுதினேன். தெரியாததை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து அம்மனிடம் சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "ஊர்க்காரன் போன்கிட்ட கேக்கான், நீ சாமிகிட்ட கேக்க. போனும் சாமியும் பேசி முடிச்சுக்கிடட்டும்" என்பார்.

ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் இன்னொரு வேலை இருந்தது. சுற்றியுள்ள ஊர்களின் பெயரை எல்லாம் வரிசையாகப் போட வேண்டும்.

"ஒருத்தன் தன் ஊர்ப் பேரச் சேர்த்துத்தான் தேடுவான், மயினி. அந்தப் பேரு நம்ம பக்கத்துல இருந்தாத்தான் அவனுக்குத் தட்டுப்படும்" என்று கொழுந்தனார் சொன்னார்.

பஸ் போகிற வழியை மனதில் வைத்து, ஓட்டப்பிடாரம், எப்போதும்வென்றான் என்று ஆரம்பித்து ஒரு ஊரையும் விடாமல் நாற்பத்திமூன்று பெயர் எழுதினேன். ஒரே தடவைதான் தட்டினேன். அப்புறம் எந்தச் செய்தி என்றாலும் அந்த வரிசையை அப்படியே எடுத்து அடியில் ஒட்டிவிடுவேன். தலைப்பு கிடையாது, விளக்கம் கிடையாது, வெறும் பெயர்கள். மேலே இருப்பதை மனுசர் படிப்பார், கீழே இருப்பதை மெஷின் படிக்கும் என்பது என் நினைப்பு.

மாசி மாதம். உளுந்தும் பாசியும் எடுத்து முடிந்து காடு வெறுமென்று கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம். புஞ்சைக்காரர்கள் உரத்துக்காக மந்தையைக் கூப்பிட்டுத் தங்கள் காட்டில் கிடை போடச் சொல்வார்கள். ராத்திரி ஆடுகள் அங்கேயே அடையும், காலையில் வேறு காட்டுக்கு மாறும். அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகி, வாய் வெந்து, கழிந்து கழிந்து ஆடு சாகும். ஒரு ஆட்டுக்கு வந்தால் மந்தைக்கே வரும்.

ஆறு ஊர்களில் இலவச ஊசி முகாம் என்று பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. நான் 'ஆட்டுக்கொல்லி ஊசி எந்த ஊர்ல, எந்த நாள்?' என்று தலைப்பு வைத்தேன். ஆறு ஊரையும் நாளோடு எழுதினேன். 'வியாழக்கிழமை, காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை' என்று முதல் ஊருக்குக் கொட்டை எழுத்தில் போட்டேன். கடைசியில் வழக்கம்போல நாற்பத்திமூன்று பெயரையும் ஒட்டினேன். அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேர் அதைப் படித்ததாகக் கொழுந்தனார் போன் பண்ணிச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். போன் வந்தது. தவறு இருந்தால் சொல்லட்டும் என்று என் நம்பரைத்தான் அந்தப் பக்கத்தில் போட்டிருந்தோம்.

"தாயி, ஆட்டுக்கு ஊசி போடுத சேதி எழுதுனது நீங்கதான?" வயதான ஆண் குரல். பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம்.

"ஆமா அண்ணாச்சி, சொல்லுங்க."

"டாக்டரு எப்ப வருதாவ? ஏழு மணிக்கே ஆட்டக் கொண்டாந்து ஊர்மந்தையில நிக்கோம். ஒருத்தரையும் காணோம்."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். அது அந்த ஆறில் இல்லை.

"உங்க ஊருக்கு முகாம் கிடையாதே, அண்ணாச்சி."

"கிடையாதா? ஏட்டி, இங்கன வா. இந்த அம்மாட்ட வாசிச்சுச் சொல்லு."

அவர் மகள் போனை வாங்கினாள். "அக்கா, கடைசியில எங்க ஊர் போட்டிருக்கு. மேலருந்து எண்ணுனா பதினேழாவது."

அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். நான் அந்த வரிசையை ஒரு நாளும் எண்ணிப் படித்ததில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பட்டியல் என்றால் சும்மா இல்லை. வறட்சி நிவாரணம் என்றாலும், வாக்காளர் பெயர் என்றாலும், கிராம அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதில் விரலை வைத்துத் தேடுவோம். பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படிப் பழகிய ஜனத்துக்கு முன்னால் நான் நாற்பத்திமூன்று பெயரை ஒட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் விரலை வைத்துத் தேடியிருக்கிறார்கள்.

பெரியவர் மறுபடியும் போனை வாங்கினார். "பக்கத்து மந்தையில ரெண்டு நாளா ஆடு கழியுது, தாயி. நாளைக்கு விடியக்காலம் நான் மேக்க கிடை மாறணும், வாக்குக் குடுத்துட்டேன். அந்த மந்தைய ஒட்டித்தான் போகணும், வேற தடம் இல்ல. ஊசி போடாம போனா எனக்கு ஒரு உருப்படி மிஞ்சாது."

"இன்னைக்கு முகாம் நடக்குத ஊரு உங்களுக்குப் பன்னெண்டு கிலோமீட்டரு. பத்திக்கிட்டுப் போக முடியாதா அண்ணாச்சி?"

"குட்டியோடயா? போயிச் சேர உச்சி ஆயிரும். அதுக்குள்ள அவிய கடையக் கட்டிட்டுப் போயிருவாவ."

"அங்கனயே நில்லுங்க. நான் போயிக் கேட்டுட்டு வாரேன்" என்றேன். என்னத்தைக் கேட்பேன், யாரைக் கேட்பேன் என்று தெரியாமலே வாய் சொல்லிவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் முகாமுக்குப் போயிருப்பார்கள்.

அன்று வீட்டுக்காரர் காட்டுக்குப் போகவில்லை, வாசலில் மருந்து தெளிக்கிற டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பேப்பர்ல உள்ளதத்தான எழுதுன?"

"உள்ளதோட இல்லாததையும்லா எழுதிட்டேன்."

டேங்கைக் கவிழ்த்து வைத்தார். "ஏட்டி, நீ கூப்புட்டா கவர்மெண்டு ஆளு வந்துருவாவளா?" என்று கேட்டுக்கொண்டே பைக் சாவியை எடுத்தார்.

ஊர் எல்லையில் எங்கள் காளியம்மன் கோயில். எங்கே போனாலும் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன். அன்றைக்கு இறங்கவில்லை. நேரம் இல்லை என்பது ஒரு காரணம். ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்பது இன்னொன்று.

முகாம் ஒரு வேப்பமரத்தடியில் நடந்தது. நானூறு ஐந்நூறு ஆடு இருக்கும், ஒரே புழுதி. டாக்டர் ஒரு அம்மா. என் மகள் வயசுதான் இருக்கும். ஊசிக்கு மருந்து ஏற்றிக் கொடுக்கிற உதவியாளர் எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, ஆட்டக் காணோம்? வீட்டுக்காரருக்குப் போடணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எனக்குப் போட்டாலும் போடுங்க. முதல்ல இவ சொல்லுததக் கேளுங்க" என்றார் வீட்டுக்காரர்.

நான் சொன்னேன். டாக்டர் கையில் இருந்த ஊசியை இறக்கவே இல்லை.

"அந்த லிஸ்ட் போட்டது நீங்களா? காலையில இருந்து நாலு ஊர்ல இருந்து போன். ஒரு ஊர்த் தலைவர் எங்கள ஏசுதாரு, லிஸ்ட்ல இருக்க ஊரை விட்டுட்டு வேற எங்கயோ போயிட்டீங்கன்னு."

"நாந்தான் மேடம். தப்பு என் மேலதான்."

"எதுக்கு அத்தன பேரையும் போட்டீங்க?"

"தேடுனாக் கிடைக்கணும்னு."

"கிடைச்சிருச்சுல்லா? இப்ப வெயில்ல நிக்காங்க."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, கொஞ்சம் இறங்கின குரலில் அவரே சொன்னார். ஒரு பாட்டில் ஐம்பது ஆட்டுக்கு. பொடி மருந்தைத் தண்ணியில் கரைத்துவிட்டால் ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது, உடனே போட்டாக வேண்டும். ஐஸ் பெட்டியில் திறக்காத பாட்டில் இரண்டு இருக்கிறது. இந்த ஊர் மந்தை இன்னும் வர வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்கு ஏதாவது மிஞ்சினால் பார்க்கலாம்.

மிஞ்ச வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒருவரது ஆடு வராமல் இருந்தால்தானே அங்கே மிஞ்சும்? அப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமி முன்னால் வைப்பது? பேசாமல் ஆடுகள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்று அடித்தபோது ஒரு பாட்டில் இருந்தது.

"அம்பதுக்குத்தான். முன்னாலயே சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். அவர்கள் ஜீப்பில் வர, நாங்கள் முன்னால் வழி காட்டிக்கொண்டு போனோம்.

ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் இருந்த ஒரே மரத்தின் நிழலை ஆடுகளுக்கு விட்டுவிட்டு, பெரியவர் வெயிலில் நின்றார். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மொத்தம் எழுபத்திரண்டு உருப்படி. பால்குட்டிகளுக்கு இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, மகள் பதினான்கு குட்டியைப் பிரித்து வேலிக்குள் விட்டாள். மிச்சம் ஐம்பத்தெட்டு.

"எட்டு கூடுது" என்றார் டாக்டர். "எதுக்கு வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க. கரைச்சாச்சுன்னா நிக்க முடியாது."

அவர் யோசித்த நேரம் ரொம்பக் கொஞ்சம். மந்தைக்குள் போய் ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். எட்டும் கிழட்டு ஆடுகள். ஒன்றின் முதுகைத் தட்டி, "இது எட்டு ஈத்து ஈனுனது. எத்தனையோ பஞ்சத்தப் பாத்துட்டு. தாங்கும்" என்றார். அதற்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது. என்னைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சும்மா நிற்க முடியாமல் நானும் ஒரு ஆட்டைப் பிடிக்கப் போனேன். அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

"அக்கா, விட்டுருங்க! நீங்க அதப் பிடிக்கல, அதுதான் உங்களப் பிடிச்சிருக்கு" என்று மகள் சிரித்தாள். அந்த ஊரில் அன்றைக்கு யாராவது சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முடிந்ததும் டாக்டர், அந்த எட்டையும் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். "நாளைக்குக் கிடை மாறுதேன், மேடம். திரும்ப இருவது இருவத்தஞ்சு நாளு ஆவும்" என்றார் பெரியவர். டாக்டர் பெட்டியை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரிசையை எல்லாச் செய்தியிலிருந்தும் நீக்கினேன். டாக்டருக்குப் போன் பண்ணின மற்ற ஊர்களையும் விசாரித்து, இன்று முகாம் இல்லை, உங்களுக்குப் பக்கத்தில் இன்ன ஊரில் இன்ன நாள் என்று சொன்னேன். சாயந்தரம் கொழுந்தனார் போன் பண்ணினார்.

"மயினி, லிஸ்ட்ட ஏன் எடுத்தீங்க? நம்ம பக்கம் இனிமே தேடல்ல கீழ போயிரும்."

"போகட்டும்."

"மேல 'சுற்றியுள்ள ஊர்கள்'னு ஒரு வார்த்த போட்டாப் போதுமே. எல்லாச் சேதியிலயுமா எடுக்கணும்?"

"நீங்க சொல்லுதது சரிதான். ஆனா அந்தப் பிள்ள மேலருந்து எண்ணிப் பாத்துருக்கா. பதினேழுன்னு சொல்லுதா. நீங்களோ நானோ என்னைக்காவது எண்ணுனோமா?"

அப்புறம், "உங்க இஷ்டம். நீங்கதான எழுதுதீங்க" என்றார். கோபம் இருந்தது. இரண்டு நாள் அவர் பேசவில்லை, அப்புறம் ஒரு கரண்ட் செய்தியை அனுப்பிச் சமாதானமாகிவிட்டார்.

இப்போது ஊர்ப் பெயரைப் போடாமல் இல்லை. செய்தி எந்த ஊருக்கோ அந்த ஊரை மட்டும் போடுகிறேன். பக்கத்து ஊரைப் போட வேண்டும் என்றால், 'உங்கள் ஊரில் இல்லை, இத்தனை கிலோமீட்டரில் இன்ன ஊரில் உண்டு' என்று முழுசாக எழுதுகிறேன். அதற்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலு போன் போட வேண்டியிருக்கிறது. அரை மணியில் முடிந்த வேலைக்கு அரை நாள் ஆகிறது. சோறு குழைந்து போன நாளும் உண்டு. மெஷினுக்கென்று ஒரு எழுத்து, மனுசருக்கென்று ஒரு எழுத்து என்று நான் பிரித்து வைத்திருந்தது பெரிய அறியாமை. எழுத்து என்று ஒன்றை வெளியே வைத்துவிட்டால், அதை நம்பி ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்.

பங்குனி பாதியில் அந்தப் பெரியவர் போன் பண்ணினார். நம்பரைப் பார்த்ததுமே பேப்பரை மடியில் போட்டுவிட்டு எடுத்தேன்.

"தாயி, கிடை முடிஞ்சு ஊருக்கு வந்துட்டோம். ஊசி போட்ட அம்பதும் நல்லாருக்கு. குட்டியளும் நல்லாருக்கு."

அந்த எட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "எட்டுல மூணு போச்சு. அதுல ஒன்னு அங்க போயி ஈனி ஆறாம் நாளு செத்துட்டு. குட்டி உசுரோட கிடக்கு. மக புட்டியில பாலு குடுக்கா."

"என்னய மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

"நீங்க வரலன்னா அம்பதும் மிஞ்சிருக்காதுன்னு மக சொல்லுதா. அந்த லிஸ்ட நம்பி நிக்காம இருந்தா, விடியக்காலமே பன்னெண்டு கிலோமீட்டரும் பத்திக்கிட்டுப் போயிருப்பேன், அந்த மூணும் மிஞ்சிருக்கும்னு நான் சொல்லுதேன். அவ சொல்லுததும் நெசந்தான், நான் சொல்லுததும் நெசந்தான்." அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "அது கிடக்கட்டும். மிச்சம் அஞ்சுக்கு எங்கன ஊசி போடுதாவ? பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

அன்றைய பேப்பர் மடியில்தான் இருந்தது. அதில் கால்நடை முகாம் என்று ஒரு செய்தியும் இருந்தது. ஊர், நாள், நேரம் எல்லாம் இருந்தது. வாசித்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"கொஞ்சம் லைன்ல இருங்க, அண்ணாச்சி. ஆஸ்பத்திரியிலயே கேட்டுச் சொல்லுதேன்."

"இருக்கேன், தாயி. எனக்கு என்ன அவசரம்."

வீட்டுக்காரரின் போனை வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். ஒரு காதில் அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு காதில், பெரியவர் பக்கத்தில் எங்கேயோ, பால் போதாமல் ஒரு குட்டி கத்திக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.